முகூர்த்த நாளில் வரும் மூட்டு வலி

என் மேஜையில் ஒரு தினசரிக் காலண்டர் இருந்தது. தினம் ஒரு தாளாகக் கிழிக்கிற ரகம். வருஷா வருஷம் சென்னையிலிருந்து வருகிற யாரிடமாவது சொல்லி வரவழைத்துவிடுவேன். ராகு காலம் பார்க்கவும் கிருத்திகை பார்க்கவும் வைத்திருக்கிறேன் என்று ஆபீஸில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நான் அதை வைத்திருந்தது ஆட்களைப் பிடிக்க.

போர்ட் பிளேரில் ஒரு அரசு அலுவலகத்தில் நான் கிளார்க். எங்கள் அலுவலகத்து ஊழியர்களின் வைத்தியச் செலவு ஃபைல்கள் எல்லாம் என் மேஜையைத் தாண்டித்தான் மேலே போக வேண்டும். இங்கே முடியாத வைத்தியத்துக்கு டாக்டர்கள் மெயின்லேண்டுக்கு எழுதிக்கொடுப்பார்கள். எழுதிக்கொடுத்துவிட்டால் நோயாளிக்கும் கூடப் போகிற ஒருவருக்கும் போகவர டிக்கெட் அரசாங்கத்துடையது. கடலுக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்தப் பக்கம் இருப்பவர்களுக்குப் புரியாது. சொந்தக் காசில் குடும்பத்தோடு ஒரு தடவை சென்னை போய்வந்தால் ஆறு மாதம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்ட வேண்டும்.

அதனால்தான் எனக்குச் சந்தேகம். வைகாசி பிறந்தால் ஒருவருக்கு முதுகு வலி. ஆவணி பிறந்தால் இன்னொருவருக்கு மூட்டு வலி. தை மாதம் கேட்கவே வேண்டாம். ஆனால் ஆடியிலும் மார்கழியிலும் அந்தமான் தமிழர்களுக்கு நோயே கிடையாது. கல்யாண மாதத்தில் மட்டும் வருகிற நோய் என்ன நோய் என்று எனக்கா தெரியாது? பயணத் தேதியைப் பார்ப்பேன், காலண்டரைப் புரட்டுவேன், அன்றைக்கு முகூர்த்தம் என்று போட்டிருந்தால் எனக்கு மூக்கில் வியர்த்துவிடும்.

ஒரு தடவை நிஜமாகவே ஒரு டிரைவரைப் பிடித்தேன். வயிற்றுப் புண் என்று போனவர் கன்னத்தில் சந்தனத்தோடு மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்கிற படம் வாட்ஸப்பில் வந்துவிட்டது. பணத்தைத் திரும்பக் கட்ட வைத்தேன். அன்றிலிருந்து ஆபீஸில் என்னைப் பார்த்தால் ஒரு பயம். சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பயம் எனக்குப் பிடித்திருந்தது. வீட்டுக்காரர் மட்டும், "நீ இங்க கிளார்க்கா இருக்க வேண்டியவ இல்ல, போலீஸ்ல இருக்க வேண்டியவ" என்பார்.

யோக்கியம் பேசுகிறேனே தவிர, நானும் ஒன்றும் சுத்தமில்லை. மெயின்லேண்ட் போகிறவர்கள் கையில் லிஸ்ட் கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம். ஜவ்வரிசி வடாம், சுங்குடிச் சேலை, குக்கர் கேஸ்கட், பிள்ளைக்குக் கைடு. இதய ஆபரேஷனுக்குப் போன ஒருவரிடமே நான் சேலம் வெள்ளிக் கொலுசு வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன். மனுஷன் மார்பில் தையலோடு வாங்கிவந்து கொடுத்தார்.

இனி அந்த அக்கா. எங்கள் ஆபீஸில் ஃபைல் எடுத்துக் கொடுக்கிற, டீ வாங்கிவருகிற, பழைய கட்டுகளை ரெக்கார்ட் ரூமுக்குத் தூக்கிப்போகிற வேலை அவளுக்கு. என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவள். அவளுடைய அப்பா அம்மாவை சிலோன் தோட்டத்திலிருந்து கொண்டுவந்து கச்சால் தீவில் ரப்பர் வெட்டக் குடியேற்றினார்கள். அக்காவும் சின்ன வயதில் அந்தச் சரிவுகளில் பால் வாளி சுமந்தவள்தான். சுனாமிக்குப் பிறகு போர்ட் பிளேருக்கு எதிர்க்கரையில் இருக்கிற பாம்பூஃப்ளாட்டுக்கு வந்து, புருஷன் இறந்த பின் அவருடைய வேலை இவளுக்குக் கிடைத்தது. நானும் பாம்பூஃப்ளாட். காலையில் இரண்டு பேரும் ஒரே படகில்தான் இந்தக் கரையில் சாத்தம் படகுத்துறைக்கு வருவோம். ஒரே படகு என்றாலும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார மாட்டோம். அவள் என்னை மேடம் என்பாள், நான் அவளை அக்கா என்பேன், அதோடு சரி.

ஒரு ஆடி மாதம் அவளுடைய விண்ணப்பம் என் மேஜைக்கு வந்தது. இரண்டு காலிலும் மூட்டு தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும், சென்னைக்குப் போக வேண்டும். கப்பல் ஏணி ஏற முடியாது என்பதால் விமானத்தில். கூடப் போய்விட்டு வர மருமகன். டாக்டர்கள் எல்லாம் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அட்மிட் ஆக வேண்டிய தேதியைப் பார்த்தேன். ஆவணி. காலண்டரைப் புரட்டினேன். முகூர்த்தம். வளர்பிறை முகூர்த்தம் வேறு.

மறுநாள் காலையிலிருந்து நான் அவளைக் கவனிக்க ஆரம்பித்தேன். படகு சாத்தத்தில் வந்து கட்டியதும் எல்லோரும் முண்டியடித்துக்கொண்டு இறங்குவார்கள். அவள் கடைசிவரை உட்கார்ந்திருப்பாள். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, தணலில் கால் வைப்பது மாதிரி ஒவ்வொரு அடியாக வைப்பாள். பார்க்கிறவர்களுக்கு ஐயோ பாவம் என்றிருக்கும். நான் பின்னாலேயே போனேன். மரம் அறுக்கிற மில் கேட்டைத் தாண்டியதும் நடை கொஞ்சம் சீராகிவிட்டது. பஸ் ஸ்டாப்புக்குப் போய்ச் சேரும்போது உங்களையும் என்னையும் போலத்தான் நடந்தாள். ஆகா! படகிலிருந்து பஸ் ஸ்டாப் போவதற்குள் வியாதி தீர்ந்துவிடுகிறதே, இந்த வைத்தியம் எந்த ஆஸ்பத்திரியில் கிடைக்கும் என்று எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டேன்.

ஆபீஸிலும் அப்படித்தான். மாடிப்படியை மெதுவாக ஆனால் ஒழுங்காக ஏறிப் போவாள். இறங்கும்போதுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்குவாள். ஏறுவதுதானே கஷ்டம்? இறங்குவதற்கு என்ன கேடு? அதைவிட இன்னொன்று கண்டுபிடித்தேன். ரெக்கார்ட் ரூமுக்குப் போக வேண்டிய கட்டுகளை அவள் தூக்குவதில்லை. பெருக்க வருகிற பெண்ணிடம் சம்பளத் தேதியில் ரகசியமாக ஏதோ கொடுத்து அவளைத் தூக்க வைத்திருந்தாள். சர்க்கார் வேலையையே சப்-கான்ட்ராக்ட் விட்டிருக்கிறாள்! எனக்கு வந்த ஆத்திரத்தில் டீ உள்ளே இறங்கவில்லை.

கடைசிச் சாட்சி பாம்பூஃப்ளாட் படகு ஜெட்டி பக்கத்தில் துணிக்கடை வைத்திருக்கிற பாய். ஞாயிற்றுக்கிழமை லைனிங் துணி வாங்கப் போன சாக்கில் பேச்சைக் கொடுத்தேன்.

"அந்தக்கா இங்க வர்றதுண்டா பாய்?"

"போன வாரம் வந்துச்சே. நல்ல பட்டுச்சேல ஒண்ணு எடுத்துட்டுப் போச்சு. சென்னையில அண்ணன் மவளுக்குக் கல்யாணமாம்ல. ஏன் மேடம், நீங்க போகலயா?"

"நான் எதுக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் வீட்டுக்குப் போகிற ஏற்றம் தெரியவே இல்லை.

திங்கட்கிழமை குறிப்பு எழுதினேன். நான் யாரையும் திட்டி எழுத மாட்டேன். 'பயணத் தேதி குடும்ப விசேஷம் ஒன்றோடு ஒத்துப்போவதாகத் தெரிகிறது. விண்ணப்பதாரர் விளக்கம் அளிக்கலாம்.' இவ்வளவுதான். ஆபீஸில் ஆளைக் கவிழ்க்க இதற்குமேல் எழுத வேண்டியதில்லை. எங்கள் ஆபீசர் மலையாளி, தங்கமான மனுஷர், எதையும் படிக்க மாட்டார். "டீக் ஹை, பூச் லோ" என்று, அதாவது சரி கேட்டுவிடு என்று, டீயைக் குடித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

கடிதத்தை அக்கா கையில் நானே கொடுத்தேன். அவள் படித்தாளா என்று தெரியவில்லை. ஆங்கிலத்தில் இருந்தது. மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, "சரி மேடம்" என்றாள். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. தமிழில். எங்கள் ஆபீஸில் யாரும் தமிழில் எழுதிக் கொடுப்பதில்லை. கேட்டது தமிழச்சிதானே, அவளுக்குப் புரிந்தால் போதும் என்று எழுதினாளோ என்னவோ. கோடு போட்ட நோட்டுத் தாள், பெரிய பெரிய எழுத்து.

'மேடம் அவர்களுக்கு, கல்யாணம் உள்ளது உண்மை. என் அண்ணன் மகள். நான் கல்யாணத்துக்குப் போகவில்லை. அன்றைக்கு நான் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பேன். அந்த நேரம் வைக்கச் சொல்லி டாக்டரிடம் கேட்டதும் நான்தான். என் தங்கச்சி குவைத்தில் வீட்டு வேலை செய்கிறது. கல்யாணத்துக்கு என்று சொன்னதால் அந்த வீட்டுக்காரர்கள் இரண்டு மாதம் லீவு கொடுத்தார்கள். அக்காவுக்கு ஆபரேஷன் என்றால் கொடுக்க மாட்டார்கள். மூட்டு மாற்றினால் ஆறு வாரம் ஆள் கூடவே வேண்டும், கக்கூசுக்குத் தூக்கிவிட வேண்டும் என்று டாக்டர் சொன்னார். மருமகன் கொண்டுபோய் விட்டுவிட்டு வேலைக்குத் திரும்ப வேண்டும். மகளுக்குக் கைக்குழந்தை. தங்கச்சியை விட்டால் எனக்கு வேறு ஆள் இல்லை. சேலை வாங்கியதும் உண்மை. நீங்கள் விசாரித்ததாக பாய் சொன்னார். அது அண்ணன் பிள்ளைக்குக் கொடுக்க.'

படித்து முடித்ததும் எனக்கு முகம் சூடாகிவிட்டது. அதை மறைக்கவில்லை. ஆனால் எவ்வளவு நேரம்? ஒரு நிமிஷம். அடுத்த நிமிஷமே இது நல்ல கோர்வையாக இருக்கிறதே என்று தோன்றிவிட்டது. கேட்ட கேள்விக்கெல்லாம் பதில், கேட்காததற்கும் பதில். யாரோ சொல்லிக்கொடுத்து எழுதியிருக்கிறார்கள். குவைத் தங்கச்சி என்று ஒருத்தி இருக்கிறாளா என்றே யாருக்குத் தெரியும்? சந்தேகம் பிடித்த மனசு அப்படித்தான், சோறு போட்டாலும் கல் தேடும்.

அக்காவைக் கூப்பிட்டேன். "தங்கச்சியோட டிக்கெட் ஜெராக்ஸ் ஒண்ணு வேணுமே, அக்கா. ஃபைல்ல வைக்கணும்."

"அது இன்னும் எடுக்கல மேடம். அந்த வீட்டுக்காரங்கதான் எடுத்துக் குடுப்பாங்க. கேட்டா கோவிப்பாங்க."

"கோவிச்சா நான் என்ன பண்ண? ஆடிட்ல என்னத்தானே கேப்பாங்க."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். கோபம்கூட இல்லை. "கேட்டுப் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஜெராக்ஸ் வரவில்லை. ஒரு வாரம் போனது, இரண்டு வாரம் போனது. நான் ஃபைலை டிராயருக்குள் போட்டுவிட்டேன். அவளும் கேட்கவில்லை, நானும் பேசவில்லை. ஆவணியில் அந்த முகூர்த்தத் தாளைக் கிழித்துக் கூடையில் போட்ட அன்று அக்கா எனக்கு எதிரே நின்று டீ கிளாஸ்களை எடுத்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்குப் போகவில்லை. அதற்கும் நான் ஒரு அர்த்தம் வைத்திருந்தேன். மாட்டிக்கொண்டோம் என்று பயந்து நின்றுவிட்டாள், பார்த்தாயா?

அதற்கும் ரொம்ப நாள் கழித்து ஜெராக்ஸ் வந்தது. தங்கச்சி அதற்குள் சென்னைக்கு வந்து, கல்யாணம் முடிந்து, அண்ணன் வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு போனில் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள். வந்த தேதி இருந்தது, பெயர் இருந்தது, எல்லாம் அக்கா எழுதியபடியே இருந்தது. திரும்பிப் போகிற தேதியும் இருந்தது. நான் விரல்விட்டு எண்ணினேன். பன்னிரண்டு நாள்.

அன்றைக்கே ஃபைலை மேலே அனுப்பினேன். பக்கத்தில் நின்று கையெழுத்து வாங்கினேன். ஆர்டரை டைப் செய்து மறுநாள் மத்தியானம் அக்கா உட்காருகிற ஸ்டூலுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் அதை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"இப்ப இத வச்சு என்ன மேடம் செய்ய? தங்கச்சி போகப் போகுது. ஒத்தையில கிடந்து நான் கக்கூசுக்கு எப்புடிப் போவ?"

அந்த வாரம் நான் அதுவரை செய்யாத வேலை ஒன்றைச் செய்தேன். அரை நாள் லீவு போட்டுவிட்டு, தங்கச்சி போவதற்குள் சென்னையில் உடனே ஒரு தேதி வாங்க ஏதாவது வழி உண்டா என்று கேட்க, ரெஃபரல் எழுதிக்கொடுத்த டாக்டரைப் பார்க்கப் போனேன். வழி எதுவும் இல்லை. வெளியே பெஞ்சில் அடுத்த பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தேன். எதிர் அறையில் ஒரு பெங்காலிப் பெண் வயதான ஆட்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு அம்மாள் நாற்காலியிலிருந்து எழுந்து, இரண்டடி வைப்பதற்குள் 'ஐயோ' என்றார். அந்தப் பெண் இந்தியில் சமாதானம் சொன்னாள். உட்கார்ந்து எழுந்தால் முதல் பத்தடிதான் இப்படிக் குத்தும் ஆன்ட்டி, நடக்க நடக்கக் கொஞ்சம் இளகும், பயப்படாதீர்கள், மறுபடியும் உட்கார்ந்தால் மறுபடியும் பிடித்துக்கொள்ளும் என்றாள்.

எழுந்துபோய்க் கேட்டேன். "எல்லாருக்குமே இப்படித்தானா?"

"தேய்ந்த மூட்டு என்றால் பெரும்பாலும் இப்படித்தான், தீதி."

"படி ஏறுவாங்களா?"

"ஏறிவிடுவார்கள். இறங்குவதுதான் உயிர் போகும்." பிறகு என் காலைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கா?" என்றாள். நான் இல்லை என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். பஸ் வந்தது, போனது. நான் ஏறவில்லை. படகிலிருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் அவள் பின்னாலேயே உளவு பார்த்துக்கொண்டு போனேனே, அந்தத் தூரம் முழுவதும் அவளுக்கு வியாதிதான் இருந்தது. நடிப்பு இல்லை.

அதற்குப் பிறகு கண்ணில் பட்டதெல்லாம் வேறு மாதிரி பட்டது. பஸ் படி உயரம் என்று மழை நாளில் அவள் ஆட்டோவுக்குக் கொடுக்கிற காசு. மூட்டுக்குள் போடுகிற ஊசி, மாட்டிக்கொள்கிற பெல்ட், வலி மாத்திரை, அந்த மாத்திரையால் வந்த வயிற்றெரிச்சலுக்கு இன்னொரு மாத்திரை. கேரளாவிலிருந்து வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து லாட்ஜில் தங்கி எண்ணெய் விற்றுவிட்டுப் போகிற வைத்தியனுக்கு ஒரு பங்கு. கட்டுத் தூக்குகிற பெண்ணுக்கு ஒரு பங்கு. மகள் ஒரு ஷோரூமில் வேலை பார்த்தவள். குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு ஒரு வருஷத்தில் திரும்பப் போவதாக ஏற்பாடு. அம்மாவால் குனிந்து குழந்தையைத் தூக்க முடியாது என்றானதும் அந்தச் சம்பளமும் நின்றது. இதெல்லாம் ஒரே வீட்டில். டிக்கெட் காசை மிச்சம் பிடித்து அரசாங்கத்துக்கு நான் செய்த சேவைக்கு அந்த வீடு இத்தனை கொடுத்துக்கொண்டிருந்தது. அரசாங்கத்துக்கு மட்டும் என்ன லாபம்? கட்டுத் தூக்க முடியாத ஆளுக்குச் சம்பளம், அடிக்கடி மெடிக்கல் லீவு. எந்த ஃபைலில் இதை எழுதுவது? அதற்கு ஃபாரமே கிடையாது.

மார்கழியில் ஒரு நாள் அக்கா என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழ வேண்டுமே.

"வேலைய விட்டுட்டுப் போறதுக்கு ஒரு ஃபாரம் இருக்காம்ல மேடம். அது ஒண்ணு வேணும்."

"எதுக்கு அக்கா? இன்னும் எட்டு வருஷம் இருக்கே. பென்ஷன் ரொம்பக் குறையும்."

"தெரியும். ஆனா இனி ஏலல. மேல போனா எறங்க ஏலல. ஒவ்வொரு தடவையும் விழுந்துருவேன்னுதான் எறங்குறேன்."

ஃபாரம் என் டிராயரில்தான் இருந்தது. "தீந்துபோச்சு, அடுத்த வாரம் தர்றேன்" என்றேன். ஆயுளில் முதல் தடவையாக ஃபைல் சம்பந்தமாகப் பொய் சொன்னேன்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஆர்டர் இன்னும் செல்லும். தேதி மட்டும் புதுப்பிக்கணும். அட்டெண்டண்ட் சொந்தக்காரங்களாத்தான் இருக்கணும்னு ரூல் இல்ல. எனக்கு லீவு கிடக்கு."

"எத்தன நாளு?"

"ஆறு வாரம்."

"ஆறு வாரமா! எனக்கு யாரு சோறு பொங்குறது?"

"ரெண்டு கை இருக்குல்ல?"

அவர் கொஞ்ச நேரம் குழம்பைப் பிசைந்துகொண்டிருந்தார். பிறகு, "போயிட்டு வா. ஆனா அந்தம்மா உன்னக் கூட வச்சுக்கணுமே" என்றார். அதை நான் யோசிக்கவே இல்லை. நான் வருகிறேன் என்றால் வேண்டாம் என்று யார் சொல்வார்கள் என்கிற திமிர்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். ஜெட்டியிலிருந்து மேடேறிப் போக வேண்டும். கடைசியில் மண்ணை வெட்டிப் போட்ட படிகள். கைப்பிடி எதுவும் இல்லை. தகரக் கூரை, வாசலில் குழந்தைத் துணி காய்ந்துகொண்டிருந்தது. மகள் குழந்தையை இடுப்பில் வைத்தபடி வந்து எட்டிப் பார்த்து, "அம்மா, ஒங்க ஆபீஸ் மேடம்" என்று உள்ளே சொன்னாள். குரலில் வரவேற்பு இல்லை.

அக்கா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முட்டியில் எண்ணெய் தடவித் துணி சுற்றியிருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் நாற்காலியின் கைகளை ஊன்றி எழுந்துவிட்டாள்.

"இருங்க அக்கா, எழுந்திரிக்காதீங்க."

"இல்ல மேடம். பாக்கத்தானே வந்திருக்கீங்க. பாருங்க."

என்னால் தடுக்க முடியவில்லை. அவள் நடக்க ஆரம்பித்தாள். சுவரிலிருந்து வாசல்வரை முதல் தடவை. பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் முட்ட. மகள், "அம்மா, போதும்மா" என்றாள். அக்கா நிற்கவில்லை. வாசலிலிருந்து சுவர்வரை திரும்பி வந்தாள். மறுபடியும் போனாள். மூன்றாவது தடவை கால் கொஞ்சம் இளகிவிட்டது. எனக்கு அது தெரிந்தது. எனக்குத் தெரிந்தது அவளுக்கும் தெரிந்துவிட்டது. சட்டென்று நின்றாள். தப்புச் செய்து மாட்டிக்கொண்ட மாதிரி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"கொஞ்சம் நடந்தா இப்புடி லேசாகும் மேடம். நடிப்பு இல்ல. சத்தியமா நடிப்பு இல்ல."

இவ்வளவு நாளும் நான் பின்னால் வந்தது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பஸ் ஸ்டாப் வரைக்கும், ஒவ்வொரு நாளும்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. நின்றபடியே அழுதேன். மகள் பயந்துபோய் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். உட்கார்ந்துகொண்டு, சோதனை போட வரவில்லை என்று சொன்னேன். தப்பு என்னுடையது என்று சொன்னேன். ஆர்டர் உயிரோடு இருக்கிறது, புதுத் தேதி வாங்கலாம், கூட நான் வருகிறேன், ஆறு வாரமும் இருக்கிறேன், கக்கூசுக்குத் தூக்கிவிடுவது முதற்கொண்டு எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன்.

அக்கா நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள். துணியை அவிழ்த்து மறுபடியும் சுற்றினாள்.

"எதுக்கு?" என்றாள்.

"என்னாலதானே அக்கா..."

"இல்ல. ஒங்களுக்கு இதுல என்ன வேணும்?"

ஒன்றும் வேண்டாம் என்றேன். ஒன்றும் வேண்டாம் என்று சொல்கிறவர்களை நான் என்றைக்காவது நம்பியிருக்கிறேனா? அவளும் நம்பவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்து இத்தனை பேரை அப்படித்தான் பார்த்திருப்பேன்.

"அங்க போய்ப் பாதியில விட்டுட்டு வந்துட்டீங்கன்னா?" என்று மகள் கேட்டாள்.

"வர மாட்டேன்மா."

"வாயால சொன்னா ஏலாது மேடம்" என்றாள் அக்கா. "எழுதிக் குடுங்க."

மகள் உள்ளே போய் நோட்டும் பேனாவும் கொண்டுவந்தாள். கோடு போட்ட தாள். மடியில் வைத்து எழுதினேன். இன்னாருக்கு இரண்டு மூட்டும் மாற்றும்போது நான் கூடவே போவேன், ஆஸ்பத்திரியிலும் அதற்குப் பிறகும் ஆறு வாரம் இருப்பேன், நடுவில் விட்டுவிட்டு வர மாட்டேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அக்கா அதை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்து எழுத்து எழுத்தாகப் படித்தாள். மகளிடம் கொடுத்தாள். மகள் சத்தமாக ஒருமுறை படித்தாள். பிறகு அக்கா தாளைத் திரும்ப என் பக்கம் நீட்டினாள்.

"எப்பன்னு போடலயே மேடம்."